கூப்பிட்டால் வரும் நாய் சில நேரம் ஏன் வருவதில்லை?

வீட்டு முற்றத்தில் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் காலடியில் வந்து நிற்கும் நாய், வெளியே நடக்கப் போன இடத்தில் தொண்டை வறளக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காமல் போவதை, நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒரு முறையேனும் கண்டிருப்பார்கள். அதற்குப் பெரும்பாலானவர்கள் சொல்லும் காரணம் திமிர். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் பயிற்சி போதவில்லை என்பார்கள். சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் இடைப்பட்ட கரிசல் காட்டில், எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை நாயோடும், மதுரையிலிருந்து விடுமுறைக்கு வரும் மைத்துனரின் லாப்ரடாரோடும் பல ஆண்டுகளாக நடந்துவரும் எனக்கு இந்த இரண்டு விளக்கங்களாலும் ஒரு பயனும் கிடைக்கவில்லை. நாய் வராமல் போன ஒவ்வொரு முறையும் அதற்குக் குறிப்பான காரணம் ஒன்று இருந்தது. அந்தக் காரணம் பெரும்பாலும் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே தன் வேலையைத் தொடங்கியிருந்தது.

எங்கள் நாயின் பெயர் செவலை. சிப்பிப்பாறை, கன்னி போன்ற தென்மாவட்ட நாய்கள் முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. நீண்ட முகமும், ஆழ்ந்த மார்பும், ஒடுங்கிய வயிறும் கொண்ட இவை மூக்கைவிடக் கண்ணை நம்பி ஓடுபவை. மைத்துனரின் ராக்கி அதற்கு நேர்மாறு. சுட்டு வீழ்த்திய பறவையைத் தேடி எடுத்துக் காயப்படுத்தாமல் கையில் கொண்டுவந்து கொடுப்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் உருவாக்கப்பட்ட இனம் லாப்ரடார். மனிதரோடு சேர்ந்து வேலை செய்வதுதான் அதன் பரம்பரைத் தொழில். ஆகவே ராக்கி சொன்னபடி வரும், செவலை வராது என்று எங்களுக்குப் பலர் ஆரூடம் சொன்னார்கள். நடைமுறையில் இரண்டுமே வராமல் போனதுண்டு. போன காரணங்கள்தான் வேறு வேறாக இருந்தன.

மிகச் சாதாரணமான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பல நேரங்களில் நாயின் காதில் நம் குரல் விழுவதே கிடையாது. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் மேல்காற்று, கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு எங்கள் பக்கத்துக் காடுகளையும் வாரிக்கொண்டு போகிறது. தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவாகவும் மேலே போகப் போக அதிகமாகவும் இருப்பதால், காற்றை எதிர்த்துக் கத்தும் குரல் தரையோடு செல்லாமல் மேல்நோக்கி வளைந்துவிடுகிறது. நாய்க்கு ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், மனிதருக்கு 20,000 வரைதான் என்ற கணக்கு சரியானதே. ஆனால் அது எவ்வளவு உயர்ந்த சுருதி கேட்கும் என்பதைப் பற்றியது, தலைக்கு மேலே பறந்துவிட்ட குரல் கேட்கும் என்பதைப் பற்றியது அன்று. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாசனை பிடித்த நாய் அந்த வாசனை எங்கிருந்து வருகிறதோ அங்கே, அதாவது காற்றுக்கு எதிராகத்தான் போகும். எனவே நாய் மெய்ம்மறந்து போகிற திசையும் நம் குரல் எட்டாத திசையும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் நாய் இறங்கிவிட்டாலோ கரையே ஒரு சுவராக நின்று குரலை மறித்துவிடும்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு, காற்று முதுகில் படும்படி நடையைத் தொடங்குவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அப்போது முன்னே ஓடும் நாய் காற்றிறங்கும் பக்கம் இருக்கும். குரல் தானாகவே அதனிடம் போய்ச் சேரும். திரும்பி வரும்போது முகத்தில் காற்றடிக்கும் என்பதால் அந்தப் பாதியில் கயிற்றைக் கட்டிவிடுவேன். வாயால் கூப்பிடுவதை விட்டு விசிலுக்கு மாறியதும் இதையொட்டித்தான். பர்மிங்காமில் தயாராகும் ஆக்மி விசில்களில் 210.5, 211.5 என்று எண் பொறித்திருப்பார்கள். அந்த எண் சுருதியைக் குறிப்பதால், ஒன்று தொலைந்துபோனாலும் அதே எண்ணுள்ள மற்றொன்றில் அதே ஓசை கிடைக்கும், வீட்டில் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். விசிலில் கோபமோ பதற்றமோ ஏறுவதில்லை என்பது அதன் பெரிய நன்மை. நாய் நெடுஞ்சாலைப் பக்கம் போகும்போது நம் குரல் எப்படி மாறிவிடுகிறது என்று நமக்குத் தெரியாது. நாய்க்கு நன்றாகத் தெரியும்.

காதில் விழுந்தும் வராத நிலைக்கு வருவோம். செவலையின் விஷயத்தில் அது ஏறக்குறைய எப்போதும் முயலாகவோ மயிலாகவோதான் இருக்கும். நாய்களின் நடத்தையை ஆராய்ந்த அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிஞ்சர், வேட்டை என்பதை ஒரே செயலாகப் பார்க்காமல், திரும்பிப் பார்ப்பது, உற்று நோக்குவது, பதுங்கி நகர்வது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று தொடர்ந்து வரும் படிகளாகப் பார்த்தார். மனிதர் செய்த தேர்வினால் ஒவ்வோர் இனத்திலும் சில படிகள் ஓங்கியும் சில மங்கியும் போயின. ஆடு மேய்க்கும் பார்டர் காலி இனத்தில் உற்று நோக்குவதும் பதுங்குவதும் ஓங்கி நிற்க, கடிப்பது அடங்கிவிட்டது. வேட்டை நாய்களில் துரத்தும் படி ஓங்கி நிற்கிறது, அந்தப் படியைச் செய்வதே நாய்க்குப் பரிசாகவும் இருக்கிறது. முயல் கிடைக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு முறையும் முயலைப் பிடித்திராத செவலை, ஒவ்வொரு முறையும் முதல் முறை போலவே ஓடுகிறது. வெறுங்கையோடு திரும்பும் நாய் ஏமாந்து திரும்புவதாக நாம் நினைக்கிறோம். அதன் கணக்கில் அது வேண்டியதைப் பெற்றுவிட்டது.

வேகத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நாய் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடும். நாம் திடுக்கிட்டு, மூச்சை இழுத்து, பெயரைச் சொல்வதற்குள் மூன்று நொடிகள் கழிந்தால் நாய் 40 மீட்டருக்கு அப்பால் இருக்கும். ஓட்டம் தொடங்கிய பின் கூப்பிடுவது பயன்தராது என்பதை எனக்கு முதலில் சொன்னவர், அறுவடை முடிந்த காடுகளில் ஆடுகளை இரவில் அடைத்துக் கிடை போட வரும் ஒரு வயதான ஆட்டுக்காரர். நான் கரைமேல் நின்று கத்திக்கொண்டிருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “முயலு கெளம்புன பெறகு கூப்புட்டு என்ன செய்ய தம்பி? அதுக்கு முந்தி காது ரெண்டும் மேல கூடும் பாருங்க, அப்பமே கூப்புடணும்” என்றார். “அதுக்குள்ள எப்படி அண்ணாச்சி பாக்குறது?” என்று கேட்டதற்கு, “நாயைக் கூட்டிட்டு வந்தா நாயைப் பாக்கணும், போனைப் பாக்கக் கூடாது” என்று சிரித்தார். என் கையில் அப்போது போன் இல்லை. ஆனாலும் சொன்னது சரிதான்.

அவர் சொன்ன அந்த நொடிகளைத்தான் பின்னர் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினேன். செவலையிடம் அவை ஓர் ஒழுங்கில் வருகின்றன. இளைத்துக்கொண்டு திறந்திருக்கும் வாய் சட்டென்று மூடிக்கொள்ளும். வால் அசைவது நின்று முதுகோடு ஒரே கோட்டில் நீளும். காதுகள் உச்சியில் நெருங்கி நெற்றியில் மடிப்பு விழும். உடலின் பாரம் முன்னங்கால்களுக்கு மாறும், சில வேளை ஒரு முன்னங்கால் தரையிலிருந்து எழும். வாய் மூடுவதற்கும் ஓட்டம் தொடங்குவதற்கும் நடுவே இரண்டோ மூன்றோ நொடிகள்தான். அந்த இடைவெளியில் விசில் ஊதினால் பத்தில் எட்டு முறையாவது திரும்பிவிடும் என்று தோராயமாகச் சொல்வேன். கடந்தபின் ஊதினால் ஒரு முறை திரும்பினாலும் அதிசயம்தான். நாய் ஒன்றுதான், விசிலும் ஒன்றுதான், பெற்ற பயிற்சியும் ஒன்றுதான். இரண்டு நொடி தள்ளிப்போவதில் அது சொன்னபடி கேட்கும் நாயா, அடங்காத நாயா என்பது மாறிவிடுகிறது.

இரையைக் கண்ட விலங்குக்கு ஓசை எவ்வளவு கேட்கிறது என்ற கேள்வியை மெக்சிகோ நரம்பியலாளர் ராவுல் எர்னாண்டஸ்-பியோன் குழுவினர் 1956இல் பூனைகளை வைத்து ஆராய்ந்தார்கள். காதிலிருந்து மூளைக்குப் போகும் வழியில் மின்முனைகளைப் பொருத்தி, ‘டிக்’ என்ற ஓசையை எழுப்பியபோது பதிவான மின்துடிப்புகள், கண்ணாடிக் குடுவைக்குள் எலிகளைக் காட்டியதும் சிறுத்துப்போயின. அந்தச் சோதனை நடத்தப்பட்ட விதம் குறித்துப் பின்னர் ஆட்சேபங்கள் எழுந்தன என்பதால் அதை முடிந்த முடிவாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் கண் ஒன்றைக் கவ்விக்கொண்டிருக்கும்போது காது பின்வாங்கிவிடுகிறது என்பதை, கரிசல் காட்டில் ஒரு வேட்டை நாயோடு நடப்பவருக்கு யாரும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை.

ராக்கியின் கதை வேறு. மயில் பறந்தால் அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனிக்கும். ஆனால் கிடை போட்டு எழுப்பிய நிலத்தில், ஆடு குட்டி போட்ட இடத்து மண்ணில் மூக்கை வைத்துவிட்டால் மைத்துனர் அருகில் போய் நின்று கூப்பிட்டாலும் தலை நிமிராது. மனித மூக்கில் மணமறியும் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம் என்றால், நாயின் மூக்கில் இருபது கோடிக்கும் மேல் உள்ளதாகச் சொல்கிறார்கள். எண்ணிக்கையை விடுங்கள், நமக்கு அங்கே வெறும் மண் தெரிகிறது, அதற்கு நேற்றிரவு அந்த இடத்தில் நடந்ததெல்லாம் தெரிகிறது. இப்படி மூக்கில் ஆழ்ந்திருக்கும் நாயை அழைப்பதற்கும், ஓட்டத்தில் இருக்கும் நாயை அழைப்பதற்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. மூக்கில் இருக்கும் நாய் பதற்றத்தில் இல்லை, எனவே பொறுத்துக்கொள்ளலாம். மோப்பம் பிடிக்கும் நாய் இடையிடையே மூச்சை வெளியே விட்டுத் தலையைச் சற்று உயர்த்தும். அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து ஒரே ஒரு முறை கூப்பிட்டால் ராக்கி வந்துவிடுகிறது. மூக்கு தரையில் இருக்கும்போதே பெயரைப் பத்து முறை சொல்வது, பெயருக்கு ஒரு பொருளும் இல்லை என்று அதற்குக் கற்றுக்கொடுப்பதாகத்தான் முடியும்.

இதுவரை சொன்னவை அந்த நேரத்துக் காரணங்கள். இனிச் சொல்வது பல மாதங்களாகச் சேரும் காரணம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகத் தோன்றுகிறது. ஒரு செயலுக்குப் பின் நல்லது நடந்தால் அச்செயல் பெருகும், கெட்டது நடந்தால் குறையும் என்று அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் நூறு ஆண்டுகளுக்கு முன்பே வகுத்துவிட்டார். நாயைக் கூப்பிடும்போது நாம் கேட்கும் கேள்வி “வருகிறாயா?” என்பது. நாய் பதிலைத் தேடுவது, கடந்த முறைகளில் வந்தபின் என்ன நடந்தது என்பதில். எங்கள் வீட்டிலேயே இதற்கு நல்ல சான்று கிடைத்தது. அம்மா கூப்பிட்டால் செவலை தோட்டத்தின் கோடியிலிருந்து பாய்ந்து வரும். அப்பா கூப்பிட்டால் எழுந்து நின்று, சோம்பல் முறித்து, கொட்டாவி விட்டு, பாதி தூரம் வந்து நின்றுகொள்ளும். அப்பா அதை அடித்தவரும் இல்லை, அதட்டியவரும் இல்லை. அம்மா கூப்பிடுவது சோறு வைக்க, அப்பா கூப்பிடுவது சங்கிலியில் கட்ட, அவ்வளவுதான் காரணம். சனிக்கிழமைக் குளியலுக்கும், உண்ணி எடுக்கவும், மருந்து கொடுக்கவும்கூட அப்பாதான் கூப்பிடுவார்.

வெளியே நடக்கும்போதும் இதுவேதான் நிகழ்கிறது. நாயை அவிழ்த்துவிட்டு, அது இஷ்டப்படி சுற்றட்டும் என்று பேசிக்கொண்டே நடந்து, வீடு திரும்ப வேண்டிய நேரத்தில் மட்டும் கூப்பிட்டுக் கயிற்றை மாட்டுகிறவர்களே அதிகம். சில வாரங்களில் நாய் ஒரு செய்தியைத் தெளிவாகப் படித்துவிடும்: இந்த அழைப்பு வந்தால் நல்லதெல்லாம் முடிந்தது. அதன்பின் கைக்கு எட்டாத தூரத்தில் வந்து நின்று, நாம் ஓரடி வைத்தால் அதுவும் ஓரடி விலகும். இந்த நாயைப் பார்த்துத் தந்திரக்காரன் என்கிறோம். உண்மையில் நாம் கற்றுக்கொடுத்ததை அது பிழையின்றிக் கற்றிருக்கிறது.

இதற்கு நான் கண்ட மருந்து, கூப்பிடுவதையும் நடை முடிவதையும் பிரிப்பது. ஒரு நடைக்குள் பல முறை கூப்பிட வேண்டும். வந்ததும் கழுத்துப்பட்டையை ஒரு கணம் பிடித்து, தின்ன ஏதாவது கொடுத்து, உடனே “போ” என்று விட்டுவிட வேண்டும். பட்டையைப் பிடிப்பது கட்டாயம், ஏனென்றால் நாய் அஞ்சுவது நம்மை அல்ல, பட்டையை நோக்கி நீளும் கையைத்தான். அப்படிப் பல முறை விட்டபின் எது கடைசி அழைப்பு என்று நாயால் ஊகிக்க முடியாது. நடையை முடிக்கும்போது நான் கூப்பிடுவதே இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து கயிற்றை மாட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்ச தூரம் மோப்பம் பிடிக்கவிட்டு வீட்டுக்குத் திரும்புவேன்.

“போ” என்று விடுவதே பல நேரம் தீனியைவிடப் பெரிய பரிசு. விலங்கு தானாக மிகுதியாக விரும்பிச் செய்யும் செயலை, அது குறைவாக விரும்பிச் செய்யும் செயலுக்குப் பரிசாக்கலாம் என்று அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிரிமேக் 1959இல் எடுத்துக்காட்டினார். விளையாடப் போக வேண்டுமானால் முதலில் சாப்பிட்டு முடி என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்வதும் அதுதான். ராக்கி கூப்பிட்டதும் கிடைமண்ணை விட்டு வந்தால், அதற்குக் கொடுக்கும் மிகச் சிறந்த பரிசு அதே கிடைமண்ணுக்குத் திரும்ப அனுப்புவதே. மைத்துனர் முதலில் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வந்த நாயை மறுபடி அசிங்கத்துக்கு அனுப்புவதா என்றார். ஒரு விடுமுறை முழுதும் செய்து பார்த்த பிறகு, ராக்கி திரும்பும் வேகத்தைப் பார்த்து அவர் வாதிடுவதை நிறுத்திக்கொண்டார். முயல் விஷயத்தில் இந்த வழி கிடையாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. செவலைக்கு அதற்கு ஈடாக, கயிற்றில் கட்டிய துணிப்பொம்மை ஒன்றைத் தரையில் இழுத்து ஓடித் துரத்த விடுகிறேன். துரத்தும் பசிக்குத் துரத்தல்தான் சோறு. அவித்த ஈரல் அதற்கு ஈடாகாது, ஆனால் மற்ற நேரங்களில் உப்புப் போடாமல் அவித்த கோழி ஈரலுக்கு நிகரில்லை. கடைப் பிஸ்கட்டைக் கண்மாய்க் கரையில் செவலை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

எந்தச் சொல்லால் கூப்பிடுகிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. “வா” என்ற சொல்லை ஒரு தமிழ்க் குடும்பத்தில் காலையிலிருந்து இரவு வரை எத்தனை பேர் எத்தனை பேரிடம் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நாயைப் பொறுத்தவரை அது மின்விசிறியின் ஓசைக்குச் சமம். பெயரின் நிலையும் ஏறக்குறைய அதுவே. எனவே வேறு எதற்கும் புழங்காத ஓர் ஒலியைத் தேர்ந்து, அதை எழுப்பிய ஒவ்வொரு முறையும் தவறாமல் நல்ல தீனி கொடுத்து, நாய் வரும் என்று உறுதியாகத் தெரிந்தபோது மட்டும் பயன்படுத்தி, அதன் மதிப்பைக் காப்பாற்ற வேண்டும். விலங்குகளைப் பழக்குவோர் எழுப்பும் ஓசைகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் பாட்ரிசியா மக்கானல், பல மொழியினரிடமும் ஒரு பொதுப் பழக்கத்தைக் கண்டார்: விலங்கை விரைவுபடுத்தக் குறுகிய ஓசைகளை அடுக்குகிறார்கள், நிறுத்தவோ அடக்கவோ ஒரே ஓசையை நீட்டுகிறார்கள். கோழியைக் கூப்பிடும் “பா பா பா”, நாயைக் கூப்பிடும் “தோ தோ தோ” எல்லாம் முதல் வகை. அவசரத்தில் நாம் “செவலேஏஏஏ” என்று நீட்டி முழக்குவது இரண்டாம் வகை. அது காட்டில் நாயை இருக்கும் இடத்திலேயே நிற்கவைக்கக்கூடும், நம் பக்கம் ஓடிவரச் செய்யாது. என் விசில் அழைப்பும் அதனால்தான் குறுகிய மூன்று ஊதல்கள்.

முற்றத்தில் கற்றது கண்மாயில் ஏன் கரைந்துபோகிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. நாய் பாடத்தை மட்டும் கற்பதில்லை. சுவர், தரை, வேளை, நாம் நிற்கும் விதம் ஆகிய எல்லாவற்றோடும் சேர்த்தே கற்கிறது. இடம் மாறினால் பாடம் அதற்குப் பாதி புதியது. முற்றம், தெரு முனை, ஆளில்லாத காடு, ஆடு தொலைவில் மேயும் காடு, ஆடு அருகில் மேயும் காடு என்று ஒவ்வொன்றிலும் முதலிலிருந்து தொடங்கினால், ஒவ்வொன்றும் முந்தையதைவிட விரைவில் பிடிபடும். இந்தப் படிகளில் நாயை அவிழ்த்துவிடாமல், மார்ப்பட்டையில் கோத்த பத்து மீட்டர் நைலான் கயிற்றைத் தரையில் இழுபட விட்டு நடந்தேன். சிப்பிப்பாறையின் கழுத்து மெலிந்தது, முழு வேகத்தில் ஓடிக் கயிறு முடிந்து வெட்டி இழுத்தால் காயம் படும். எனவே கழுத்துப்பட்டையில் நீளக் கயிறு கட்டக்கூடாது. ஓடும் நைலானை நாமும் வெறுங்கையால் பிடிக்கக்கூடாது, காலால் மிதிப்பதே நல்லது. கயிற்றின் வேலை நாயை இழுத்துக்கொண்டு வருவது அன்று. வராமல் போய்ப் பரிசு பெறும் வாய்ப்பை அடைப்பது மட்டுமே.

வயதும் ஒரு காரணம். பிரிட்டனின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷர் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து மாத வயதில் சொன்னபடி உட்கார்ந்த நாய்கள் எட்டு மாத வயதில் வளர்ப்பவர் சொல்லுக்கு அடங்குவது குறைந்திருந்தது. அதே நாய்கள் அறியாதவர் சொன்னால் உட்கார்ந்தன. குட்டியாக இருந்தபோது நிழலாக ஒட்டிக்கொண்டிருந்த நாய் எட்டாம், ஒன்பதாம் மாதத்தில் காது கேளாததுபோல் நடந்தால் அதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை, கயிற்றை மீண்டும் மாட்டிக்கொண்டு பருவம் கடக்கும்வரை காத்திருக்கலாம். வயதான நாய்க்குக் காது மெய்யாகவே மந்தமாகியிருக்கலாம். ராக்கி போன்ற தொங்கு காது நாய்கள் கண்மாயில் நீந்திவிட்டு வந்தபின் காதுக்குள் ஈரம் நின்று சீழ் பிடிப்பதுண்டு. தலையை உதறிக்கொண்டே இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சீமைக்கருவேல முள் காலில் தைத்த நாயும் கூப்பிட்டால் வராது, படுத்துக்கொள்ளும்.

இத்தனைக்குப் பின்னும் வராமல் போகும் நாள் வரும். அப்போது பின்னால் ஓடக்கூடாது, ஏனென்றால் ஓடும் நாய்க்கு நாமும் சேர்ந்து ஓடுகிறோம் என்றுதான் படும். எதிர்த்திசையில் கையை வீசிக்கொண்டு ஓடுவது நல்லது. அசையாத உருவத்தைவிட அசையும் உருவத்தை நாய் வெகு தொலைவிலிருந்தே கண்டுகொள்ளும். கண்ணுக்கு எட்டாமல் போய்விட்டால் அது பிரிந்த இடத்திலேயே நிற்பேன். செவலை பெரும்பாலும் தன் தடத்தின் வழியாகவே அந்த இடத்துக்குத் திரும்புகிறது. திரும்பிய நாயை எவ்வளவு நேரம் கழித்து வந்திருந்தாலும் அடிக்கக்கூடாது, அடித்தால் அது அடியைத் திரும்பி வந்ததோடு சேர்த்தே நினைவில் வைக்கும். மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டைகளைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். வேல்ஸில் அவை 2010 முதல் தடை செய்யப்பட்டவை. வலி வந்த கணத்தில் கண்முன் ஆடோ குழந்தையோ இருந்தால் நாய் பழியை அதன்மேல் போட்டுவிடும் என்ற ஒரு காரணமே அவற்றை ஒதுக்க எனக்குப் போதுமானது.

எங்கே அவிழ்த்துவிடலாம் என்பதைப் பயிற்சியைக் கொண்டு மட்டும் முடிவு செய்யக்கூடாது. எங்கள் பகுதியில் நான்குவழிச் சாலையும் இருப்புப்பாதையும் இருக்கின்றன. கைப்பிடிச்சுவர் இல்லாத பழைய கிணறுகள் காடெங்கும் உண்டு; முயலைக் கண்ணால் பிடித்து ஓடும் நாய் கிணற்றைப் பார்ப்பதில்லை. காட்டுப்பன்றிக்காகப் போடும் மின்வேலிகளும் சில புஞ்சைகளில் வந்துவிட்டன. மயிலையோ முயலையோ நாயைக் கொண்டு துரத்துவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வரும், நாய் தானாக ஓடியது என்பதைக் கேட்பவர் நம்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே கிடை போட்டிருக்கும் வாரங்களிலும், காட்டில் வெள்ளாமை நின்று பார்வை மறையும் மாதங்களிலும், ஆடிக் காற்று வீசும் நாட்களிலும் இரண்டு நாய்களும் நீளக் கயிற்றில்தான் நடக்கின்றன. மற்ற நாட்களில் விடியற்காலையில், சாலைக்கு எதிர்ப்புறமுள்ள வெட்ட வெளியில் அவிழ்த்துவிடுகிறேன். முயலின் விஷயத்தில் செவலை பெரிதும் தேறிவிட்டது. மயில் முப்பது மீட்டருக்கு அப்பால் இருந்தால் விசிலுக்குத் திரும்புகிறது. அதைவிட அருகில் எழுந்தால் இன்னும் திரும்புவதில்லை, எனவே மயில் அகவும் ஓசை கேட்கும் பக்கத்துக்கு இப்போதைக்கு நாங்கள் போவதில்லை.